கைப்பேசியின் பாட்டரி: அதன் வளர்ச்சி தாமதமாவது ஏன்?

திருவனந்தபுரம் நகரின் வடமேற்கே, அரபிக் கடலோரத்தில் தும்பா என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு அதற்கு மிக அருகில் செல்வதால் மேல்வான ஆராய்ச்சிக்கு உகந்த இடம் என்று அது தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட் விடப்பட்டது. டாக்டர் விக்ரம் சாராபாயின் மறைவுக்குப் பின் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் விண்வெளி மையம் இன்று அவ்விடத்தில் பரந்து கிடக்கிறது. அங்கு ராக்கெட்டுகள் உருவாவதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அதே மையத்தில் மின்கலங்களும் ஆராயப்பட்டுச் செய்யப்படுகின்றன என்பதை அறிந்தவர் சிலரே. செயற்கைக் கோள்களுக்கும் ராக்கெட்டுகளுக்குமென அங்கு உருவாக்கப்பட்ட லிதியம்-அயனிக் கலங்கள், ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் உள்ள கைப்பேசியின் பாட்டரிக்கு நெருங்கிய உறவு உடையவை.

இந்த உறவு ஒரு பழைய குறைக்கு விளக்கம் தரக்கூடியது. கிராமம் கிராமமாகச் செல்லும் ஊழியர்களுக்குக் கைப்பேசி இன்று பதிவேடாகவும் நிலப்படமாகவும் தபால் நிலையமாகவும் பயன்படுகிறது. 2021ஆம் ஆண்டு முதல் அங்கன்வாடி ஊழியர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் ‘போஷண் டிராக்கர்’ என்னும் செயலியில் பதிந்து வருகின்றனர். பிற்பகல் மூன்று மணிக்குப் பாட்டரி தீர்ந்துவிட்டால் அன்றைய வேலை அத்துடன் நின்றுபோகும். இதைவிடப் பெரிய துன்பமும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபோது, மாடிகளில் சிக்கிக்கொண்டவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைத் தெரிவிக்கக் கைப்பேசியையே நம்பியிருந்தனர். மின்சாரம் நின்றுபோன வீடுகளில் பாட்டரி தீர்ந்ததும் அந்தத் துணையும் அற்றுப் போயிற்று.

கைப்பேசியின் மற்ற உறுப்புகள் எவ்வளவோ மடங்கு முன்னேறியிருக்க, பாட்டரியை மட்டும் இரவுதோறும் மின்செருகியில் மாட்ட வேண்டியிருப்பது ஏன்? உற்பத்தியாளர்கள் வேண்டுமென்றே நல்ல பாட்டரியை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பலர் எண்ணுகின்றனர். பழையது கெட்டால்தான் புதியது விற்கும் என்பது அவர்கள் வாதம். வியாபாரத்தில் இத்தகைய எண்ணம் சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. பாட்டரியை எளிதில் கழற்ற முடியாதவாறு கைப்பேசியை ஒட்டிவிடுவது உபயோகிப்போருக்கு நன்மையான ஏற்பாடு அன்று. எனினும் மறைத்து வைக்கப்பட்ட பாட்டரி என்னும் கதைக்குத் தும்பாவே போதிய மறுப்பாகும். அங்கே விளம்பரம் இல்லை. ஆண்டுக்கொரு புது மாதிரியை விற்க வேண்டிய அவசியமும் இல்லை. செயற்கைக் கோளில் ஒரு கிலோகிராம் எடையைக் குறைக்க எந்தச் செலவுக்கும் முன்வருவர். அப்படியிருந்தும் அவர்கள் கையாள்வது லிதியம்-அயனிக் கலத்தையே. அதுவும் எடைக்கு எடை பார்த்தால், கடையில் கிடைக்கும் கைப்பேசிப் பாட்டரியைக் காட்டிலும் குறைந்த மின்சாரத்தையே அதில் சேமிக்கின்றனர். இதன் காரணம் விளங்கினால் தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முன்னேற்றம் எவ்வளவு?

முதலில், பாட்டரி முன்னேறவே இல்லை என்பது தவறு. 1991ஆம் ஆண்டு ஜப்பானிய ஸோனி நிறுவனம் முதன்முதலாக லிதியம்-அயனிக் கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஒரு கிலோகிராம் கலம் சுமார் 80 வாட்-மணி சக்தியைத் தாங்கியது. இன்றைய நல்ல கலம் 250 முதல் 300 வாட்-மணி வரை தாங்குகிறது. முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இது மூன்றரை மடங்கு. கூட்டுவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சத வீதம். வேறு எந்தத் தொழிலிலும் இது மெச்சத்தக்க வளர்ச்சியே. பக்கத்தில் உள்ள உறுப்போடு ஒப்பிடும்போதுதான் அது சிறுத்துப் போகிறது. 1971ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் 4004 என்னும் சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய உயர்தரக் கைப்பேசியின் சில்லில் 1,500 கோடிக்கும் அதிகம்.

இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஆசிரியர்கள் ஓர் உவமையால் விளக்கலாம். டிரான்சிஸ்டர் செய்திகளைக் கையாளும் கருவி. ஒரு செய்யுளைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் அரிசி மணியின் மேல் எழுதினாலும் பொருள் குன்றாது. ஆகவே எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். பாட்டரியோ பண்டத்தைச் சேமிக்கும் குதிர். ஒரு மரக்கால் நெல்லைக் கால் மரக்காலில் அடக்க வழியில்லை. பாட்டரியில் சேமிக்கப்படும் மின்சாரத்தின் அளவு, அதனுள் இடம் பெயரக்கூடிய அணுக்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அணுவைச் சிறிதாக்க எந்த விஞ்ஞானியாலும் இயலாது.

கலத்தினுள் நிகழ்வது

எல்லா மின்கலங்களிலும் இரு மின்வாய்களும் அவற்றுக்கிடையே ஒரு மின்பகுபொருளும் இருக்கும். இதை வகுப்பில் காட்ட ஓர் எலுமிச்சம்பழம் போதும். பழத்தில் ஒரு செப்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஓர் ஆணியையும் ஒன்றையொன்று தொடாமல் செருகி, வோல்ட்மீட்டரால் அளந்தால் ஏறக்குறைய ஒரு வோல்ட் காட்டும். பிறகு இன்னும் பெரிய ஆணியைச் செருகிப் பார்க்க வேண்டும். வோல்ட் அளவு மாறாது. இரும்பாணியின் மேற்பூச்சைச் சுரண்டிவிட்டால் மாறும். அதாவது வோல்ட் அளவை நிர்ணயிப்பது பண்டத்தின் இயல்பே. அதன் பருமன் அன்று. இச்சிறு சோதனையை மாணவர் நன்கு மனத்தில் கொண்டால், பாட்டரி ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் பண்டங்களைத் தேடும் வேலை என்பது புலப்படும்.

தேடுவதற்குரிய பண்டங்களோ மிகச் சில. தனிமங்களின் அட்டவணையில் ஹைட்ரஜனும் ஹீலியமும் போக, மூன்றாவதாக நிற்பது லிதியம். உலோகங்களில் அதைவிட இலேசானது இல்லை. தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு அது இலேசு. எலக்ட்ரானைக் கொடுத்துவிடும் ஆர்வமும் அதற்கு மிக அதிகம். ஹைட்ரஜன் மின்வாயோடு ஒப்பிட அதன் அளவு பூஜ்யத்துக்குக் கீழே 3.04 வோல்ட். ஆகவே கலத்திற்கு வேண்டிய இரண்டு குணங்களிலும் லிதியம் முன்னணியில் நிற்கிறது. காரீயத்திலிருந்து நிக்கலுக்கும், நிக்கலிலிருந்து லிதியத்துக்கும் படியேறிய விஞ்ஞானிகளுக்கு அதற்கு மேல் ஏறப் படியில்லை. வோல்டா 1800ஆம் ஆண்டில் மின்கலத்தை வெளியிட்டது முதல் இன்று வரை, மறுபடி மின்னேற்றக்கூடியவையாய் நாடெங்கும் பரவிய பாட்டரி வகைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்: பிளான்டேயின் காரீய-அமில பாட்டரி (1859), யுங்னரின் நிக்கல்-காட்மியம் (1899), பின்னர் நிக்கல்-உலோக ஹைட்ரைடு, அதன் பின் லிதியம்-அயனி.

இங்கே ஒரு சந்தேகம் எழக்கூடும். ஒரு கிலோகிராம் தேங்காயெண்ணெயை எரித்தால் ஏறக்குறைய 10,000 வாட்-மணி வெப்பம் கிடைக்கிறது. பாட்டரியில் கிடைப்பது 250 என்றால் நாற்பதில் ஒரு பங்குதானே? எண்ணெய் எரியும்போது அதற்கு வேண்டிய பிராணவாயுவைக் காற்றிலிருந்து இலவசமாகப் பெறுகிறது. அந்த எடை கணக்கில் சேர்வதில்லை. எரிந்த பின் உண்டாகும் புகையும் நீராவியும் வெளியே போய்விடுகின்றன. பாட்டரியோ இரு தரப்புப் பண்டங்களையும் தன்னுள்ளேயே சுமக்க வேண்டும். விளைந்ததை வெளியே விடாமல் வைத்திருந்து, மின்னேற்றும்போது பழைய நிலைக்குத் திருப்பவும் வேண்டும். எரிந்த திரியை ஐந்நூறு முறை மறுபடி திரியாக்குவது போன்ற காரியம் இது.

ஒன்றைப் பெற ஒன்றை இழப்பது

கைப்பேசிப் பாட்டரியின் ஒரு புறம் கோபால்ட் ஆக்ஸைடு. மறுபுறம் கிராபைட் என்னும் கரி. மின்னேற்றும்போது லிதியம் அயனிகள் கோபால்ட் பக்கத்திலிருந்து கரியின் அடுக்குகளுக்குள் நுழைகின்றன. உபயோகிக்கும்போது திரும்பி வருகின்றன. ஒரு கிராம் லிதியம் உலோகம் 3,860 மில்லிஆம்பியர்-மணி தர வல்லது. ஆனால் அதைக் கரியில் குடியிருத்தினால் ஒரு கிராம் கரிக்கு 372 மில்லிஆம்பியர்-மணியே கிடைக்கும். ஆறு கரி அணுக்கள் சேர்ந்து ஒரு லிதியத்திற்கு இடம் தருகின்றன. பத்தில் ஒன்பது பங்கு வெறும் வீட்டுச் சுவருக்கே போய்விடுகிறது.

அப்படியானால் கரியை நீக்கி லிதியத்தையே நேரடியாக வைக்கலாகாதா? முதலில் அதைத்தான் செய்து பார்த்தனர். 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் அமைத்த கலத்தில் லிதியம் உலோகமே இருந்தது. மின்னேற்றுந்தோறும் லிதியம் சமமாகப் படியாமல் முட்செடிபோல் கிளைத்து வளர்ந்து, இடையிலுள்ள தடுப்பைத் துளைத்து மறுபுறத்தைத் தொட்டது. தொட்டால் நெருப்பு. அவ்வகைக் கலங்களைக் கனடாவில் உற்பத்தி செய்த ஒரு நிறுவனம், ஜப்பானில் கைப்பேசிகள் தீப்பற்றியதால் 1989ஆம் ஆண்டு அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. இதற்குள் 1980ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஜான் குட்எனஃப் கோபால்ட் ஆக்ஸைடின் தகுதியைக் கண்டறிந்திருந்தார். 1985ஆம் ஆண்டு ஜப்பானில் அகிரா யோஷினோ அதற்கு எதிர்ப்புறத்தில் கரியை வைத்தார். சேமிப்பில் பெரும் பங்கை விட்டுக்கொடுத்து உயிருக்கு ஆபத்தில்லாத கலம் பெறப்பட்டது. ஆக்ஸ்போர்டு கண்டுபிடிப்புக்கும் கடைவீதிக்கும் இடையே பதினொரு ஆண்டுகள் கழிந்தன. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

அவ்வாண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் குட்எனஃபின் நோபல் சொற்பொழிவை அவர் சார்பில் நிகழ்த்தியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த விஞ்ஞானி ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் கற்ற அவர், 1980களில் குட்எனஃபுடன் சேர்ந்து, இரும்பும் கந்தகமும் அடங்கிய மலிவான உப்புகளைக்கொண்டும் உயர்ந்த வோல்ட் பெறலாம் எனக் காட்டினார். அவ்வழியில் 1997ஆம் ஆண்டு பாதி, நஞ்சுண்டஸ்வாமி, குட்எனஃப் ஆகியோர் இரும்புப் பாஸ்பேட்டை அறிவித்தனர். அது எளிதில் தீப்பற்றாது, நெடுநாள் உழைக்கும், கோபால்ட் வேண்டியதில்லை. மின்சார வண்டிகளில் இன்று பெரிதும் பயன்படுகிறது. கைப்பேசியில் மட்டும் அதற்கு இடம் அரிதே. காரணம், அதே மின்சாரத்தைச் சேமிக்க அது இன்னும் பெரிய இடம் கேட்கிறது.

சிலிக்கானின் கதையும் இவ்வாறே. கரியைக் காட்டிலும் ஏறத்தாழ பத்து மடங்கு லிதியத்தைச் சிலிக்கான் ஏற்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். ஆனால் ஏற்கும்போது அது தன் பருமனில் மூன்று, நான்கு மடங்காக வீங்கிப் பின் சுருங்குகிறது. வெயிலிலும் மழையிலும் வண்டல் வயல் வெடிப்பதுபோல் அது வெடித்து உதிர்ந்துவிடும். கரியோடு சிறிதளவு கலந்தால் ஓரளவு தாங்கும். அத்தகைய சிலிக்கான்-கரிப் பாட்டரிகள் 2023ஆம் ஆண்டு முதல் சில சீனக் கைப்பேசிகளில் வந்துள்ளன. முன்பு 5,000 மில்லிஆம்பியர்-மணி அடங்கிய இடத்தில் இப்போது 6,000க்கு மேலும் அடங்குகிறது. அண்மைக் காலத்தின் உண்மையான முன்னேற்றங்களுள் இது ஒன்று. பத்து மடங்கு என்று ஆராய்ச்சிசாலையில் பேசப்பட்டது, கைக்கு வரும்போது ஒன்றேகால் மடங்காக வந்து சேர்ந்ததையும் கவனிக்க வேண்டும்.

நுணுக்கமான தொழில் திறத்தாலும் ஒரு கணிசமான பங்கு கிடைத்தது. மின்சாரத்தைக் கடத்தும் செப்புத் தகடும் இடைத்தடுப்பும் ஆண்டுக்காண்டு மெலிதாக்கப்பட்டு, மிச்சமான இடம் உழைக்கும் பண்டத்துக்கு விடப்பட்டது. இதற்கும் எல்லை உண்டு. 2016ஆம் ஆண்டு சாம்ஸங் நிறுவனத்தின் நோட் 7 கைப்பேசிகள் தீப்பற்றி, உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. கலத்தின் ஒரு மூலையில் மின்வாய் வளைந்திருந்ததும், மற்றொரு தொகுதியில் பற்றவைப்பின் பிசிர்கள் துருத்தி நின்றதும் காரணங்கள் என அந்நிறுவனமே 2017 ஜனவரியில் அறிவித்தது. தலைமயிரினும் மெல்லிய தடுப்பின் இரு புறமும் இவ்வளவு சக்தியை அடைத்து வைக்கையில், ஒரு பிசிருக்கும் மன்னிப்பு இல்லை.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது போதாது

புதிய பாட்டரி கண்டுபிடிக்கப்பட்டது என்று பத்திரிகைகளில் மாதந்தோறும் செய்தி வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல. அவை ஏன் கடைக்கு வருவதில்லை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். எட்டாம் வகுப்பு மாணவரும் செய்யத்தக்க கணக்கு இது.

ஒரு கலம் ஒவ்வொரு முறை மின்னேற்றி இறக்கும்போதும் தன் லிதியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் வீணாக்குகிறது என்று கொள்வோர், அதை மிக நல்ல கலம் என்றே கருதுவர். ஐந்நூறு சுழற்சிகளுக்குப் பின் எஞ்சுவது, 0.999 என்பதை ஐந்நூறு முறை தன்னால் பெருக்கிய தொகை. அது சுமார் 0.61. நூறில் 39 பங்கு போயிற்று. நாள்தோறும் மின்னேற்றினால் ஒன்றரை ஆண்டு கூட ஆகியிராது. பதினாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் வீணானால் அதே காலத்துக்குப் பின் 95 சத வீதம் எஞ்சும். பல கைப்பேசி உற்பத்தியாளர்கள் ஐந்நூறு சுழற்சிக்குப் பின் 80 சத வீதம் எஞ்சும் என்று உறுதி கூறி வந்துள்ளனர். இதற்குப் பதினாயிரத்தில் நான்கரைப் பங்குக்கு மேல் ஒரு சுழற்சியில் வீணாகக் கூடாது.

இந்த நஷ்டத்தின் மூலகாரணம் கரியின் மேல் படியும் ஒரு மெல்லிய ஏடு. முதல் மின்னேற்றத்தின்போதே மின்பகு திரவத்தின் ஒரு சிறு பகுதி சிதைந்து, லிதியத்தில் ஒரு பங்கைத் தன்னுள் பிணைத்துக்கொண்டு, கரியைப் பாலாடைபோல் மூடிக்கொள்கிறது. இந்த ஏடு இல்லையேல் திரவம் முழுவதும் சிதைந்து கலம் ஒரே நாளில் அழியும். ஏடு தடித்துக்கொண்டே போனாலும் லிதியம் குறைந்து கலம் மெல்ல அழியும். காப்பதும் அரிப்பதும் ஒரே ஏடுதான். சிலிக்கான் வீங்கி வெடிக்கும்போது ஒவ்வொரு வெடிப்பிலும் புது ஏடு படிவதே அதன் பெருங்குறை.

இத்தனை சிறிய நஷ்டத்தை ஒரு வாரச் சோதனையில் காண இயலாது. கலத்தின் ஆயுளை அறிய, அது ஆயுளைக் கழித்தாக வேண்டும். வெப்பத்தில் வைத்துச் சோதனையை விரைவுபடுத்தலாம். ஆனால் வெப்பத்தில் நிகழும் ரசாயன மாறுதல்கள் எல்லாமே சாதாரண நிலையிலும் அதே முறையில் நிகழும் என்று சொல்ல முடியாது. ஒரு பண்டத்தை மாற்றினால் மீண்டும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். பாட்டரியின் முன்னேற்றம் ஆமை நடையாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

தும்பாவின் கலம்

மறுபடி திருவனந்தபுரத்துக்கு வரலாம். பூமிக்கு அருகே சுற்றும் செயற்கைக் கோள் ஏறக்குறைய நூறு நிமிஷத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றிவிடுகிறது. பெரும்பாலான கோள்கள் ஒவ்வொரு சுற்றிலும் பூமியின் நிழலில் நுழைந்து வெளிவரும். வெயிலில் மின்னேற்றம், நிழலில் உபயோகம். ஒரு நாளைக்குப் பதினான்கு அல்லது பதினைந்து சுழற்சிகள். ஐந்து ஆண்டுகளில் சுமார் 26,000. கைப்பேசியின் ஐந்நூறு எங்கே, இது எங்கே! கெட்டால் மாற்றுவதற்கு அங்கு ஆளும் இல்லை. எனவே கலத்தின் முழுக் கொள்ளளவையும் தொடாமல், சுற்றுக்கு நாலில் ஒரு பங்கு அளவே எடுக்கும்படி அமைக்கின்றனர். நீண்ட ஆயுளைப் பெற, சேமிப்பில் பெரும்பகுதியை உபயோகிக்காமலே விட்டுவிடுகின்றனர். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோளுக்கு நிலைமை வேறு. அது ஆண்டில் இரு பருவங்களில், மொத்தம் சுமார் தொண்ணூறு இரவுகளில், அதிகமாகப் போனால் 72 நிமிஷம் மட்டுமே நிழலில் இருக்கும். பதினைந்து ஆண்டுகளில் 1,350 சுழற்சிகளே. ஆகவே ஒவ்வொரு முறையும் ஆழமாக எடுக்கலாம். ராக்கெட்டின் பாட்டரியோ இருபது நிமிஷம் உழைத்தால் போதும். அதனால்தான் சில சுழற்சிகளிலேயே தேய்ந்துபோகும் வெள்ளி-துத்தநாகக் கலங்கள் அங்கு நெடுங்காலம் இடம் பெற்றிருந்தன. நல்ல பாட்டரி எது என்ற கேள்விக்கு, எந்த வேலைக்கு என்று திருப்பிக் கேட்காமல் விடை கூற இயலாது.

இந்திய விண்வெளி நிறுவனம் 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ் நிறுவனத்துக்கு இக்கலங்களின் உற்பத்தி முறையை அளிக்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாண்டிலேயே 1.5 ஆம்பியர்-மணி முதல் 100 ஆம்பியர்-மணி வரையுள்ள கலங்களைச் செய்யும் முறையை, ஒரு கோடி ரூபாய் கட்டணத்தில், தகுதியுள்ள மற்றத் தொழில் நிறுவனங்களுக்கும் வழங்க விக்ரம் சாராபாய் மையம் முன்வந்தது. செய்முறை கிடைத்தவுடன் மலிவான பாட்டரி வந்துவிடும் என எதிர்பார்த்தோர் உண்டு. வானத்துக்குச் செய்யும் கலம் நூற்றுக்கணக்கில் செய்யப்படுவது. ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்படுவது. கடைக்குச் செய்யும் கலம் கோடிக்கணக்கில், ஈரப்பசை அறவே நீக்கிய அறைகளில், ஒன்று போலவே மற்றொன்றாக வந்து விழ வேண்டும். இந்த இரண்டாவது வித்தை தனியே கற்க வேண்டியது. திருவனந்தபுரத்தின் ஈரக் காற்றில் உலர்ந்த அறை ஒன்றை நடத்துவதே செலவுள்ள காரியம்.

அதே கடற்கரையில், தும்பாவுக்குத் தெற்கே கொச்சுவேளியில், 1946ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை இருக்கிறது. கேரளக் கடற்கரைக் கருமணலிலுள்ள இல்மனைட்டிலிருந்து வெள்ளைச் சாயப் பொடி செய்யும் ஆலை அது. அப்பொடியாகிய டைட்டானியம் டை ஆக்ஸைடுடன் லிதியம் உப்பைச் சேர்த்துச் சூளையிலிட்டால் லிதியம் டைட்டனேட் கிடைக்கும். கரிக்குப் பதிலாக அதை வைத்த கலம் சில நிமிஷங்களில் மின்னேறும். பதினாயிரம் சுழற்சிக்கு மேலும் தாங்கும். ஏடு படியும் தொல்லை மிகக் குறைவு. தீயும் எளிதில் பற்றாது. கேரள அரசின் முன்முயற்சியில் இந்த ஆலையும் விண்வெளி மையமும் வேறு சில நிறுவனங்களும் சேர்ந்து இக்கலத்தை வண்டிகளுக்கென உருவாக்கும் பணியை மேற்கொண்டன. இவ்வளவு சிறப்புடைய கலம் கைப்பேசிக்கு வராததற்கு ஒரே காரணம், கரிக்கலம் 3.7 வோல்ட் தருமிடத்தில் இது 2.4 வோல்ட் மட்டுமே தருகிறது. எடைக்குச் சேமிப்பும் மூன்றில் ஒரு பங்கே. பஸ்ஸுக்குப் பொருந்தும், சட்டைப் பைக்குப் பொருந்தாது.

செலவும் ஏறியது

பாட்டரி பெற்ற சிறு வளர்ச்சியையும் கைப்பேசி தின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். திரை அகன்றது; ஒளி கூடிற்று; பின்னணியில் ஓயாமல் செய்தி தேடும் செயலிகள் பெருகின. 5,000 மில்லிஆம்பியர்-மணி பாட்டரியை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி. சராசரியாக ஒன்றரை வாட் செலவானால் அது ஏறக்குறைய 13 மணி நேரம் வரும். வெட்டவெளியில் திரையை முழு ஒளியில் வைத்து, இடங்காட்டியையும் இயக்கி, இரண்டரை வாட் செலவானால் எட்டு மணி நேரங்கூட வராது. கைப்பேசிக் கோபுரம் தொலைவில் உள்ள மலைக் கிராமங்களில் அலைவாங்கி முழுப் பலத்துடன் உழைப்பதால் செலவு இன்னும் மிகும். அத்தகைய இடங்களில் வேலையில்லாத நேரத்தில் வலைத்தொடர்பை நிறுத்திவைத்து, பதிவுகளைச் சேமித்துக்கொண்டு, தொடர்பு நன்கு கிடைக்கும் இடத்துக்கு வந்தபின் ஒருசேர அனுப்புவது, புதிய பாட்டரி வாங்குவதைவிட அதிகப் பயன் தரும்.

பாட்டரியை மூப்படையச் செய்வன முக்கியமாக இரண்டு: வெப்பமும், எப்போதும் நிறைந்த நிலையில் இருத்தலும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் ரசாயனச் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பழகிய கணக்கு. வெயிலில் நிற்கும் ஜீப்பின் முன்கண்ணாடிக்கு அடியிலோ ஸ்கூட்டரின் பெட்டியிலோ கைப்பேசியை விட்டுச் செல்வது, இரவு முழுவதும் மின்செருகியில் விடுவதைவிடக் கெடுதலானது. நூறு சத வீதம் ஏற்றிய பாட்டரியில் கோபால்ட் ஆக்ஸைடு மிகுந்த நெருக்கடியில் இருக்கிறது. அன்றாட வேலைக்கு எண்பது போதுமானால் அங்கேயே நிறுத்திவிடலாம். பல கைப்பேசிகளில் இதற்குரிய ஏற்பாடு உள்ளது. மழைக்காலத்தில், வெள்ள எச்சரிக்கை வந்த நாளில், இந்த விதியை மறந்து முழுவதும் ஏற்றி வைப்பதே முறை. பூஜ்யம் வரை இறக்கி ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரிக்குச் சொல்லப்பட்ட யோசனை. லிதியம் கலத்துக்கு அது தீங்கே செய்யும்.

புதிய பாட்டரியைப் பற்றிய செய்தியை வகுப்பில் படிக்கும் ஆசிரியர், மாணவரை நாலைந்து கேள்விகள் கேட்கச் செய்யலாம். எத்தனை சுழற்சி தாங்கியது? சோதித்த கலம் நாணய அளவினதா, கைப்பேசி அளவினதா? கணக்கிட்ட எடையில் உறையும் தகடுகளும் சேர்ந்தனவா? நாற்பது டிகிரி வெயிலில் அது எப்படி நடந்துகொண்டது? செய்தியில் இவற்றுக்கு விடை இல்லாதபோது அக்கண்டுபிடிப்பு கைக்கு வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் உள்ளன என்று கொள்ளலாம்.

பின்மூடி மேலெழும்பியோ திரை ஓரத்தில் பிளந்தோ காணப்பட்டால், உள்ளே திரவம் சிதைந்து வாயு உண்டாகியிருக்கிறது என்பது பொருள். அந்தப் பாட்டரியை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ கூடாது; கைப்பேசியை அணைத்து, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, பாட்டரி மாற்றுமிடத்தில் ஒப்படைக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போடுவதும் அபாயமே.